டான்யூபை மேசைக்குக் கொண்டுவருவது

நெப்போலியன் காலப் போர்களை மேசையில் பொம்மை வீரர்களை வைத்து ஆடுகிறவர்களிடம் ஆஸ்பெர்ன்-எஸ்லிங் என்று சொல்லிப் பாருங்கள். "அருமையான போர், ஆனால் ஆட்டத்துக்குச் சரிவராது" என்பார்கள். காரணம் நியாயமானதுதான். 1809 மே 21 பிற்பகல் சண்டை தொடங்கியபோது டான்யூபின் வடகரையில் இருந்த பிரெஞ்சுப் படை இருபதாயிரத்துச் சொச்சம். எதிரே ஆஸ்திரியத் தளபதி ஆர்ச்ட்யூக் சார்லஸிடம் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஆட்கள், 250க்கு மேல் பீரங்கிகள். இதை அப்படியே மேசையில் பரப்பினால் ஆஸ்திரியா ஆடுபவர் மதியச் சாப்பாட்டுக்குள் ஜெயித்துவிடுவார். சமன் செய்கிறேன் என்று பிரெஞ்சுப் பக்கம் ஆட்களைச் சேர்த்தால், அது வேறு ஏதோ ஒரு போர்.

நான் வியன்னாவில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு சின்னக் குழுவோடு சனிக்கிழமைகளில் ஆடுவது வழக்கம். சில குளிர்காலங்களாக இந்த ஒரு போரைத்தான் திரும்பத் திரும்ப மாற்றிப் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குப் பிடிபட்ட விஷயம் இது: இந்தப் போரில் பாலத்தைத்தான் ஆட வேண்டும். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் ஆற்றைக் கடக்கிறார்கள் என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டால், கரையில் நடக்கிற சண்டை தானாகவே சமனாகிவிடும். அதற்கு நாங்கள் செய்த ஏற்பாடுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆறு குறுக்கிடும் வேறு போர்களுக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

முதலில் கொஞ்சம் கதை. மே 13 அன்று வியன்னா நெப்போலியன் கைக்கு வந்துவிட்டது. ஆனால் டான்யூபின் பாலங்களை ஆஸ்திரியர்கள் அழித்துவிட்டு வடகரையில் இருந்தார்கள். நகருக்கு வடமேற்கே நுஸ்டார்ஃப் பக்கம் கடக்க முயன்று தோற்ற பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் கிழக்கே கைசர்எபெர்ஸ்டார்ஃபைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, நடுவில் லோபாவ் என்ற பெரிய காட்டுத் தீவை விட்டுவைத்திருந்தது. தென்கரையிலிருந்து சின்னத் திட்டுகள் வழியாக லோபாவுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர் படகுப் பாலம்; லோபாவிலிருந்து வடகரைக்கு நூறு மீட்டரை ஒட்டிய ஒரு சின்னப் பாலம். வியன்னாவில் கிடைத்த படகுகளையெல்லாம் வரிசையாகக் கட்டி, மேலே பலகை போட்டார்கள். நங்கூரம் போதாமல் பெட்டிகளில் பீரங்கிக் குண்டுகளை நிரப்பி இறக்கினார்கள். ஆல்ப்ஸ் பனி உருகி ஆறு ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. மேலே இருந்து ஆஸ்திரியர்கள் மரக்கட்டைகள், கல் ஏற்றிய படகுகள், தீ வைத்த மிதவை மாவுமில்கள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் நீரோட்டத்தில் விட்டார்கள். பாலம் திரும்பத் திரும்ப உடைந்தது. 22ஆம் தேதி காலை, நெப்போலியனின் மார்ஷல் லான் நடுப்பகுதியில் தாக்கி முன்னேறிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மோசமாக உடைந்தது. இன்னொரு மார்ஷலான தவூவின் கோர், அதாவது பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை, தென்கரையிலேயே நின்றுவிட்டது.

இப்போது போய்ப் பார்த்தால் ஆற்றை நம்பவே முடியாது. 1870களில் டான்யூபை நேராக்கிக் கரைகட்டிவிட்டார்கள். லோபாவின் பழைய கிளைகள் நாணல் சூழ்ந்த அமைதியான தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் குளிக்கிறார்கள். காட்டுக்குள் அங்கங்கே நெப்போலியன் கற்கள் என்று சின்னத் தூண்கள்: தலைமையகம் இருந்த இடம், வெடிமருந்துக் கிடங்கு, பிரெஞ்சுக்காரர்களின் கல்லறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. வடகரையில் சண்டை நடந்த இரண்டு கிராமங்களில் ஒன்றான ஆஸ்பெர்னில், தேவாலயத்துக்கு முன்னால் பெரிய கல் சிங்கம் படுத்திருக்கிறது. இன்னொன்றான எஸ்லிங்கில் அன்றைய தானியக் கிடங்கு இன்னும் நிற்கிறது. ஆட்ட மேசை போடுகிறவர் பார்க்க வேண்டியது அந்தக் கிடங்கைத்தான். மூன்று மாடி, தடித்த கல் சுவர். கிராமத்தின் மற்ற பகுதிகள் கைமாறினாலும் இதற்குள் இருந்த பிரெஞ்சுக்காரர்களை ஆஸ்திரியர்களால் கடைசிவரை வெளியேற்ற முடியவில்லை. பல விதிப் புத்தகங்கள் "கல் கட்டடம், கூட்டல் இரண்டு" என்று, உள்ளே இருப்பவரின் பகடைக்கு இரண்டைக் கூட்டி, ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. சுவரைத் தொட்டுப் பார்த்த பிறகு அந்தக் கூட்டல் இரண்டு சிரிப்பாகத்தான் இருக்கிறது.

கிடங்கிலிருந்து ஆஸ்பெர்ன் தேவாலயம் வரை நடந்தால் அரை மணி நேரம் ஆகும். நடுவே இப்போது வீடுகள். அன்று வெறும் சமவெளி, வளர்ந்து நின்ற பயிர். இந்த நடை எங்கள் அளவைத் தீர்மானித்தது. ஒரு அங்குலத்துக்கு 50 மீட்டர் வைத்தால் இரண்டு கிராமங்களுக்கும் இடையே நாற்பது அங்குலம். ஆறடிக்கு நாலடி மேசையில் இரண்டு பக்கமும் போதிய இடம் விட்டு அழகாக உட்கார்ந்துவிடும். இந்த அளவுக்கு 6 மில்லிமீட்டர் பொம்மைகள்தான் பொருத்தம். 28 மில்லிமீட்டர் பொம்மை பார்க்க அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் பன்னிரண்டு பொம்மையை வைத்து ஒரு பட்டாலியன் என்று சொல்லும்போது, ஆஸ்பெர்ன் கிராமம் மூன்று வீடாகச் சுருங்கிவிடும்.

கவனியுங்கள், இந்த மேசையில் டான்யூபின் பெரிய ஓட்டமே இல்லை. தெற்கு ஓரத்தில் லோபாவையும் வடகரையையும் பிரிக்கும் சின்னக் கிளை மட்டும் ஓடும். பெரிய ஆற்றையும் தீவையும் சேர்க்கப் போனால் இன்னொரு மேசை வேண்டும், அதில் முக்கால்வாசி நேரம் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். நதிப் போர் என்றதும் நீளமாக, பளபளப்பாக ஒரு ஆற்றைச் செய்யத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். அந்த ஆசையை ஒரு தனித் தட்டில் தீர்த்துக்கொண்டோம்.

தட்டு தொண்ணூறு சென்டிமீட்டர் நீளம், ஒரு சாண் அகலம். தென்கரை, இரண்டு திட்டு, லோபாவ், வடகரை. தண்ணீருக்கு நீலம் வேண்டாம். பனி உருகி வரும் டான்யூப் சாம்பலும் பச்சையும் கலந்த கலங்கல் நிறம். அந்தப் பூச்சு காய்ந்ததும் மேலே பளபளப்பு வார்னிஷ் மூன்று கோட். பாலத்தைக் காபி கலக்கும் மரக்குச்சிகளை நறுக்கித் துண்டு துண்டாகச் செய்தோம். ஒவ்வொரு துண்டின் முனையிலும் ஒரு குட்டிக் காந்தம். இதைச் செய்தவர் எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். துண்டுகள் சட்டென்று ஒட்டும். விரலால் தட்டினால் ஒரு துண்டு மட்டும் கழன்று நீரோட்டத்தின் பக்கம் சாய்ந்து நிற்கும். பாலம் உடைந்ததைக் குறிக்க ஒரு அட்டைக் குறியீடு போதுமே என்று நான்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நல்லவேளை. அந்தத் துண்டு கழன்று சாய்வதைப் பார்க்கும்போது பிரெஞ்சு ஆட்டக்காரர்களின் முகம் மாறுவது அட்டையில் வராது.

இனி கணக்கு. ஒரு சுற்று அரை மணி நேரம். ஒரு சுற்றுக்கு ஒரு காலாட்படை பிரிகேட் பாலத்தில் ஏறலாம், அதாவது 2500 பேர் சுமாருக்கு. குதிரைப்படைக்கும் பீரங்கிக்கும் இரண்டு சுற்று. குதிரைகளைக் கையில் பிடித்து நடத்திப் போக வேண்டும், வண்டிகளுக்கு இடைவெளி விட வேண்டும். இந்த எண்ணைக் காற்றிலிருந்து எடுக்கவில்லை. 21 இரவு பாலம் ஓரளவு தாக்குப்பிடித்தது. 22 காலையில் வடகரையில் பிரெஞ்சுக்காரர்கள் அறுபதாயிரத்தை ஒட்டி இருந்தார்கள். இருட்டியதிலிருந்து விடியும்வரை உள்ள சுற்றுகளை எண்ணி, நடுவே சில சுற்று பழுதுக்குப் போனது என்று கழித்துப் பார்த்தால் கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. வேறு எந்தப் பாலத்துக்கும் இதே வழிதான்: உண்மையில் எத்தனை மணிக்குள் எவ்வளவு பேர் கடந்தார்கள் என்று தேடுங்கள், பின்னாலிருந்து வகுத்து வாருங்கள். விதிப் புத்தகம் தரும் "பாலத்தில் பாதி வேகம்" என்பது ஐம்பதடி ஓடைக்கு எழுதியது.

அப்புறம் ஆட்களின் பிரச்சினை. பிரெஞ்சுப் பக்கம் மூன்று பேர் என்றால் ஒருவர் மார்ஷல் மசேனாவாக ஆஸ்பெர்னில், ஒருவர் லானாக எஸ்லிங்கிலும் நடுவிலும். மூன்றாமவர் தவூ. பாவம், தவூவின் படை அக்கரையில். அது வரவே போவதில்லை என்று வரலாறு தெரிந்த எல்லோருக்கும் தெரியும். காலையில் வந்து மாலை வரை சும்மா உட்கார யார் சம்மதிப்பார்கள்? எனவே தவூவை ஆடுபவர் கையிலேயே பாலத்தைக் கொடுத்துவிட்டோம். அவருக்குப் படகுகள் இத்தனை, பழுதுபார்க்கும் பொருள் இத்தனை, பாலம் கட்டும் வீரர்கள் இத்தனை குழு என்று தொடக்கத்தில் கைமுதல் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அவர் பிரித்துக் கொடுக்க வேண்டும்: மேலே போய் மிதந்து வருவதைப் படகில் மறிக்க எத்தனை குழு, பழுதுக்கு எத்தனை, கூடுதல் நங்கூரத்துக்கு எத்தனை. பாலம் நின்றால் அவர் படை வரும். அவர் படை வந்தால் அன்றைய போரே மாறிவிடும். எங்கள் குழுவில் இப்போது எல்லோரும் முதலில் கேட்பது தவூவைத்தான்.

எதிர்ப்பக்கம் ஆஸ்திரியரில் ஒருவருக்கு மேலாற்றுப் பொறுப்பு. அவரிடம் பத்துப் பன்னிரண்டு சீட்டு: கட்டைகள், கல் படகு, தீப்படகு, மாவுமில். ஒரு சுற்றில் விடுவதாக எழுதி நடுவரிடம் கொடுத்தால் பகடைக்கு ஏற்ப ஒன்றிரண்டு சுற்று கழித்துப் பாலத்தை வந்து சேரும். மாவுமில் சீட்டு இரண்டுதான். அதை எப்போது விடுவது என்பதில்தான் அவருடைய சாமர்த்தியம். இதோடு வெள்ள மட்டம் ஒன்று: ஒரு பகடையைத் தட்டின் ஓரத்தில் வைத்து, சில சுற்றுக்கு ஒருமுறை நடுவர் ஏற்றுவார். மட்டம் ஏற ஏற மிதந்து வருவது வேகமாக வரும், பழுது மெதுவாகும். இறங்குவது கிடையாது.

தட்டுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு அட்டைத் தடுப்பு. பாலத்தின் நிலை தவூவுக்கும் நடுவருக்கும் மட்டுமே தெரியும். தவூ மேசையில் இருப்பவர்களுக்கு வாயால் எதுவும் சொல்லக்கூடாது. எழுதிக் கொடுக்கலாம், அது ஒரு சுற்று கழித்துப் போய்ச் சேரும். புதுமை ஒன்றுமில்லை. பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் 1812இல் அரசருக்குக் காட்டி, ரைஸ்விட்ஸின் மகன் 1824இல் செம்மைப்படுத்திய கிரீக்ஸ்பீல் ஆட்டத்தின் அடிப்படையே இதுதான்: நடுவே நடுவர், ஆளுக்கொரு பார்வை, எழுத்தில் கட்டளை. ராணுவ அதிகாரிகளைப் பழக்க உருவான முறை அது. இருநூறு வருஷம் கழித்தும் எழுதி அனுப்பிய கட்டளை தாமதமாகப் போய்ச் சேரும்போது ஆட்கள் படும் பாடு அப்படியே இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் நடந்தது இது. 22 காலை எட்டரை மணிச் சுற்று. லானை ஆடிய பள்ளி ஆசிரியர் நடுப்பகுதியில் மூன்று டிவிஷனை அடுக்கி, ஆஸ்திரிய வரிசையில் பிளவு விழும் அளவுக்குத் தள்ளிவிட்டார். அடுத்த அடிக்குக் குதிரைப்படை வேண்டும், வெடிமருந்து வண்டி வேண்டும். அதே சுற்றில் தடுப்புக்குப் பின்னால் மாவுமில் வந்து சேர்ந்தது; பகடையில் ஆறு. தவூவை ஆடிய டிராம் ஓட்டுநர் தன் கையால் செய்த பாலத்தைத் தானே தட்டி மூன்று துண்டைக் கழற்றினார். சீட்டு எழுதினார். லான் இங்கே கத்துகிறார்: "பாலம் இருக்கிறதா, இல்லையா?" ஓட்டுநர் நிதானமாக, "கடிதம் போட்டிருக்கிறேன்" என்றார். கடிதம் வருவதற்குள் லான் இன்னும் ஒரு பிரிகேட்டை உள்ளே விட்டுவிட்டார். அதைத் திருப்பி எடுக்க அவருக்கு மத்தியானம் வரை ஆயிற்று. உண்மையான லானுக்கும் அன்று காலை தாக்குதலை நிறுத்தச் சொல்லித்தான் ஆணை வந்தது. அன்று பிற்பகலில் குண்டு பட்டுக் கால்கள் சிதைந்து, மே 31 அன்று இறந்தார். நெப்போலியனின் மார்ஷல்களில் போர்க்காயத்தால் இறந்த முதல் ஆள் அவர்தான்.

கிராமச் சண்டைக்கு வருவோம். ஆஸ்திரியரிடம் அவ்வளவு ஆள் இருந்தும் முதல் நாள் ஏன் ஆஸ்பெர்னை நிலையாகப் பிடிக்க முடியவில்லை? ஐந்து தனித்தனி அணிகளாக வந்தார்கள், ஆளுக்கொரு நேரத்தில் வந்து சேர்ந்தார்கள், தெருவுக்குள் நுழையும் இடமோ குறுகல். இதை மேசையில் கொண்டுவர, ஆஸ்பெர்னை நான்கு பகுதியாகப் பிரித்தோம். மதில் சூழ்ந்த கல்லறைத் தோட்டத்தோடு தேவாலயம் அதில் ஒன்று. எஸ்லிங் இரண்டு பகுதி, கிடங்கு தனி. ஒரு பகுதியை ஒரு சுற்றில் இரண்டு பிரிகேட்டுக்கு மேல் தாக்க முடியாது. மீதி எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் வெளியே வரிசையில் நிற்கலாம், பீரங்கிக் குண்டு வாங்கலாம். இந்த ஒரு விதியே எண்ணிக்கை வித்தியாசத்தில் பாதியை விழுங்கிவிடுகிறது. கிடங்கைப் பீரங்கியால் காலி செய்ய முடியாது என்று எழுதிவைத்துவிட்டோம். உள்ளே ஏறித்தான் பிடிக்க வேண்டும். எஸ்லிங்கைத் தாக்கிய ஆஸ்திரியத் தளபதி ரோசன்பெர்க்கை ஆடுபவர்கள் இதை அநியாயம் என்பார்கள். அவர்களை அடுத்த வாரம் எஸ்லிங்குக்கு அழைத்துப் போங்கள்.

இரண்டு கிராமங்களுக்கும் நடுவே பிரெஞ்சுக் குதிரைப்படை பாய்ந்து பாய்ந்து நேரம் வாங்கிக் கொடுத்தது. அதைத் தடுத்தது ஆஸ்திரியரின் அடர்ந்த பட்டாலியன் கூட்டங்கள். பல விதிகளில் குதிரையைத் தடுக்க வேண்டுமானால் சதுரம் கட்டி அசையாமல் நிற்க வேண்டும். இந்த அடர் கூட்டமோ அசையும், மெதுவாக முன்னேறும், பீரங்கிக்கு மட்டும் நல்ல இலக்கு. இதற்குத் தனி விதி இல்லாத புத்தகமென்றால் 1809க்கு எடுக்காதீர்கள், அல்லது நீங்களே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெற்றி யாருக்கு என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் வரைபடத்தின் வட ஓரத்தை அடைய வேண்டும் என்று வைத்தால் ஆட்டமே செத்துவிடும். எங்கள் கணக்கில், ஆட்டம் முடியும்வரை இரண்டு கிராமத்தில் ஒன்றையாவது வைத்துக்கொண்டு, படையை ஒழுங்காக லோபாவுக்குள் இழுத்துவிட்டால் பிரெஞ்சுக்கு நல்ல மதிப்பெண். தவூவின் ஒரு டிவிஷன் வடகரையில் கால் வைத்தால் கூடுதல். ஆஸ்திரியருக்குக் கிராமங்களுக்கு மதிப்பெண், பாலத்தின் வடகரை முனையைத் தொட்டால் பெரிய மதிப்பெண். இரு பக்கமும் இருபதாயிரத்துக்கு மேல் இழந்த போர் அது. இழப்பை எண்ணி வெற்றி தீர்மானித்தால் எல்லா ஆட்டமும் சமனில்தான் முடியும்.

நேரம்: இரண்டு நாளையும் முழுதாக ஆட முயலாதீர்கள். 22 விடியலிலிருந்து நண்பகல் வரை பதினாறு சுற்று, ஒரு சனிக்கிழமைக்கு அதுவே தாராளம். முந்தைய இரவின் பாலப் போக்குவரத்தைத் தவூ மட்டும் பகடை போட்டு அரை மணியில் முடிக்கட்டும். யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். வண்ணம் பூசுவதில் ஒரே ஒரு சொல்: ஆஸ்திரியரின் வெள்ளைச் சட்டைக்கு வெள்ளையில் தொடங்காதீர்கள். வெளிர் சாம்பல் அடிப்பூச்சு போட்டு, மேடான இடங்களில் மட்டும் வெள்ளையைத் தொட்டால் போதும். 6 மில்லிமீட்டரில் அதற்கு மேல் யாரும் பார்ப்பதில்லை.

இவ்வளவும் அதிகம் என்று தோன்றினால் எபெல்ஸ்பெர்கில் தொடங்குங்கள். அதே 1809, மே 3. டான்யூபில் கலக்கும் டிரவுன் ஆற்றின் மேல் நீண்ட மரப்பாலம் ஒன்று, அக்கரையில் ஒரு ஊர், மேட்டில் ஒரு கோட்டை. ஹில்லரின் ஆஸ்திரியர்கள் பின்வாங்கிக்கொண்டிருக்க, மசேனாவின் ஆட்கள் பாலத்தின் மேலேயே ஓடிப்போய் ஊருக்குள் புகுந்து, தீக்கு நடுவே சண்டை போட்டார்கள். ஒரு பாலம், ஒரு தெரு, ஆளுக்கு ஒரு டிவிஷனை ஒட்டிய படை. மாலை நேர ஆட்டத்துக்குப் போதும். 28 மில்லிமீட்டர் பொம்மை வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் சரி.

அடுத்து நடந்த வாக்ராம் போரைப் பற்றிக் கேட்பீர்கள். ஆறு வாரம் கழித்து நெப்போலியன் அதே லோபாவிலிருந்து மறுபடி கடந்தபோது ஆற்றின் பல்லைப் பிடுங்கியிருந்தார். அவருடைய பொறியாளர் தளபதி பெர்த்ரான் மேற்பார்வையில் மரத்தூண்கள் அறைந்து பாலம், அதற்கு மேலே மிதந்து வருவதைத் தடுக்க வேலி. ஜூலை 4 இரவு இடி மழையில் தீவின் கிழக்குப் பக்கத்திலிருந்து கடந்தார்கள். முன்கூட்டியே ஒரே துண்டாகக் கட்டிய பாலம் ஒன்றைச் சில நிமிடங்களில் ஆற்றின் குறுக்கே சுழற்றிப் போட்டார்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் நடந்த போரில் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று லட்சம் பேர். அது எங்கள் மேசைக்கு ஆகாது. அதனால் கடக்கும் திட்டத்தை மட்டும் வரைபடத்தில், மின்னஞ்சலில், வாரத்துக்கு ஒரு கட்டளை என்று ஆடிக்கொண்டிருக்கிறோம். பழைய இடத்திலேயே, தீவின் வடக்குப் பக்கத்தில், நான் தினமும் சத்தமாகப் பீரங்கி மேடை கட்டுகிறேன். எங்கள் ஆஸ்திரியரும் அந்தப் பக்கத்தையே காவல் காக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால்தான் இதைத் துணிந்து எழுதுகிறேன்.